பன்றிகளில் ஈ. கோலை குடல்தொற்றுக்கு எதிரான மரபுவழி எதிர்ப்பாற்றல்

பன்றிகளில் ஈ. கோலை குடல்தொற்றுக்கு எதிரான மரபுவழி எதிர்ப்பாற்றல் என்பது, ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகள் சிறுகுடலில் ஒட்ட முடியாதவாறு சில பன்றிகள் பிறவியிலேயே பெற்றிருக்கும் பண்பாகும். பிறந்த சில நாட்களிலும், பால்மறந்த முதல் வாரங்களிலும் பன்றிக்குட்டிகள் கழிச்சல் கண்டு இறப்பதற்கு இப்பாக்டீரியா ஒரு முதன்மைக் காரணமாகும். ஒரே தொழுவத்தில் ஒரே நோய்க்கிருமிக்கு ஆளாகியும் சில குட்டிகள் மட்டும் தப்புவது ஏன் என்ற கேள்வியிலிருந்து இவ்வாய்வு வளர்ந்தது.

கே88 இழைகள்

1961ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த இடா ஓர்சுகோவ், பிரிட்சு ஓர்சுகோவ் இணையர், சோய்க்கா, லீச் ஆகியோருடன் சேர்ந்து, நோயுற்ற பன்றிகளிலிருந்து எடுத்த ஈ. கோலையில் கே88 என்னும் எதிர்ப்பியாக்கியை விவரித்தனர். இது பாக்டீரியாவின் மேற்பரப்பில் மயிர்போல் நீண்டிருக்கும் புரத இழைகளாலானது. இதற்கான மரபணுக்கள் பிளாசுமிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் உள்ளன. 1971இல் வில்லியம்சு சிமித், லிங்கூட் ஆகியோர் அந்தப் பிளாசுமிட்டை நீக்கியபோது பாக்டீரியா நோய் உண்டாக்கும் திறனை இழந்தது. மீண்டும் சேர்த்தபோது அத்திறன் திரும்பியது. 1972இல் ஜோன்சு, ரட்டர் ஆகியோர், இவ்விழைகளே பாக்டீரியாவைக் குடற்சுவரில் பற்றவைக்கின்றன எனக் காட்டினர். பற்றிக்கொள்ளாத பாக்டீரியா குடலின் அசைவால் அடித்துச் செல்லப்படும். பற்றிக்கொண்டது பெருகி நச்சைச் சுரக்கும்.

இருவகைப் பன்றிகள்

இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் செல்வுட், கிப்பன்சு, ஜோன்சு, ரட்டர் ஆகியோர் பல பன்றிகளின் குடல் உயிரணுக்களின் மேல்விளிம்பைப் பிரித்தெடுத்துக் கே88 பாக்டீரியாவுடன் கலந்து பார்த்தனர். சில பன்றிகளின் குடல்விளிம்பில் பாக்டீரியா அடர்ந்து ஒட்டியது; வேறு சிலவற்றில் ஒட்டவே இல்லை. 1975இல் இம்முடிவு வெளியானது. ஒட்டுவதற்கான ஏற்பியைத் தரும் மரபணு ஓங்குபண்பு உடையது என்றும், எதிர்ப்பாற்றல் ஒடுங்குபண்பு என்றும் இனக்கலப்புச் சோதனைகள் உறுதிப்படுத்தின. ஆகவே, தாய், தந்தை இரண்டிடமிருந்தும் ஒடுங்கிய மரபணுவைப் பெறும் குட்டியே நோயெதிர்ப்பு உடையதாகும்.

சீம்பால் முரண்

எதிர்ப்பாற்றலுள்ள பன்றிகளையே வளர்த்தால் போதும் என்ற எண்ணத்துக்கு ஒரு தடை இருந்தது. ஏற்பியுள்ள தாய்ப்பன்றியின் குடலில் பாக்டீரியா ஒட்டுவதால், அதன் உடல் எதிர்ப்புரதங்களை உருவாக்கிச் சீம்பால் வழியே குட்டிகளுக்குத் தருகிறது. ஏற்பியற்ற தாயிடம் அத்தூண்டல் குறைவு. அது ஏற்பியுள்ள ஆண் பன்றியுடன் இணைந்தால் பிறக்கும் குட்டிகள் தந்தைவழி ஏற்பியைப் பெறும். தாய்வழிப் பாதுகாப்பைப் பெறா. நோயை எதிர்க்கும் தாயின் குட்டிகளே மிகுதியாகப் பாதிக்கப்படும் நிலை இவ்வாறு ஏற்படுகிறது. மந்தையில் பாதி மட்டும் மாற்றப்பட்டால் இழப்பு கூடவும் வாய்ப்புண்டு. இதனால் பிறந்த குட்டிகளைக் காக்க, சினைப்பன்றிகளுக்குத் தடுப்பூசி இடும் முறையே பரவலானது.

எப்18 இழைகளும் வீக்க நோயும்

பால்மறந்த குட்டிகளைத் தாக்கும் கழிச்சலுக்கும் வீக்க நோய்க்கும் காரணமான மற்றொரு வகை ஈ. கோலை, எப்18 இழைகளைக் கொண்டது. 1990களில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பெர்ச்சிங்கர், ஃபோகெலி ஆகியோரின் குழுவினர், இதற்கான எதிர்ப்பாற்றலும் ஒடுங்குபண்பாகவே கடத்தப்படுவதைக் கண்டனர். தொடர்புடைய இடம் 6ஆம் குரோமோசோமில் உள்ளது. எப்யூடி1 மரபணுவில் 307ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறுவதை 1997இல் மெய்யெரிங்கும் உடனாய்வாளர்களும் அறிவித்தனர். அவ்விடத்தில் இரு படிகளிலும் 'ஏ' உள்ள பன்றிகள் எதிர்ப்பாற்றல் உடையவை. இதே குரோமோசோமில், இறைச்சியின் தரத்தைக் கெடுக்கும் மன அழுத்த நோய்க்கான மரபணுவும் அருகிலேயே அமைந்திருப்பதால், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது.

இனப்பெருக்கத்தில் பயன்பாடு

கே88 ஏற்பியைத் தீர்மானிக்கும் இடம் 13ஆம் குரோமோசோமில் உள்ளது. அங்குள்ள எம்யூசி4 மரபணுவின் ஓர் அடையாளத்தைக் கொண்டு டென்மார்க்கில் இனப்பெருக்கப் பன்றிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எனினும், அவ்வடையாளம் எல்லாப் பன்றிகளிலும் குடலின் உண்மை நிலையுடன் பொருந்தவில்லை. ஆகவே அருகிலுள்ள வேறு மரபணுக்களும் ஆராயப்பட்டன.

வளர்ச்சியூக்கிகளாகப் பயன்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடைசெய்தது. பால்மறப்புக் கழிச்சலைத் தடுக்க மருந்தாகத் தரப்பட்ட துத்தநாக ஆக்சைடும் 2022இல் விலக்கப்பட்டது. மருந்துகளின் துணை குறைந்துவரும் நிலையில், அரை நூற்றாண்டுக்கு முன் குடல்விளிம்பில் கண்ட வேறுபாடு பன்றி வளர்ப்பில் மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளது.