கவிழ்ப்புத் திருப்புத்திறனும் அடித்தள வடிவமைப்பில் சுமைக் காரணிகளும்

காற்றின் திருப்புத்திறனை ஏற்கும் தனி அடித்தளத்துக்கு எல்லாச் சுமைகளையும் ஒரே 1.5 காரணியால் பெருக்கிக் கணக்கிட்டால் போதும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. தளத்துக்கும் உத்தரத்துக்கும் அது பொருந்தும். கவிழ்ப்பில் பொருந்தாது. அங்கே கட்டுமானத்தின் எடை சுமையன்று, கவிழாமல் நிறுத்தும் எதிர்ப்பு. எடையை மிகைப்படுத்தினால் எதிர்ப்பைத்தான் மிகைப்படுத்துகிறோம். இக்கட்டுரையின் வாதங்கள் இரண்டு. நிலைச்சுமையை 0.9 ஆகக் குறைக்கும் சேர்க்கையை நிலைத்தன்மைச் சோதனையோடு நிறுத்தாமல் கம்பிக் கணக்கு வரை கொண்டுசெல்ல வேண்டும். நிலத்தடி நீரின் மிதப்பு விசை அந்தக் காரணிக்குள் அடங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

இந்தியக் கான்கிரீட் நெறிமுறையான ஐ.எஸ். 456:2000 இன் 18ஆம் அட்டவணை, நிலைச்சுமையும் காற்றும் சேரும்போது இரண்டுக்கும் 1.5 என்கிறது. கவிழ்ப்போ தகைவின் திசைமாற்றமோ முக்கியமாகும் இடத்தில் நிலைச்சுமைக்கு 0.9 கொள்ள வேண்டும் என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. ஐரோப்பிய நெறிமுறையான இ.என். 1990 உம் சமநிலைச் சோதனையில் சாதகமான நிலைச்சுமைக்கு 0.9, பாதகமான மாறுசுமைக்கு 1.5 என்றே பரிந்துரைக்கிறது. அடித்தளத்தின் பரப்பை மண்ணின் அனுமதிக்கப்பட்ட தாங்குதிறனைக் கொண்டு முடிவுசெய்வது காரணி சேர்க்காத பணிச்சுமையில்தான். காரணிகள் அதற்குப் பின் வரும் வலிமைக் கணக்குக்கு உரியவை.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். திருப்புத்திறனின் திசையில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட அடித்தளம். தூண் வழியே வரும் நிலைச்சுமை 120 கிலோ நியூட்டன், அடித்தளமும் மேல்மண்ணும் 180, மொத்தம் 300. காற்றின் திருப்புத்திறன் 130 கிலோ நியூட்டன்-மீட்டர். திருப்புத்திறனை எடையால் வகுத்தால் மையவிலகல் 0.43 மீட்டர். இது நீளத்தில் ஆறில் ஒரு பங்கான 0.5 மீட்டருக்குக் குறைவு. எனவே அடிப்பரப்பு முழுவதும் மண்ணைத் தொட்டிருக்கிறது. பெரும அழுத்தம் சதுர மீட்டருக்கு 93 கிலோ நியூட்டன்.

இரண்டையும் 1.5 ஆல் பெருக்கினால் அழுத்தம் 140 ஆகிறது, மையவிலகல் மாறுவதில்லை. தொகுதியும் பகுதியும் ஒரே மடங்கில் கூடினால் விகிதம் அசையாது. நிலைச்சுமைக்கு 0.9, காற்றுக்கு 1.5 என்றால் மையவிலகல் 0.72 மீட்டராகிறது. காற்று வரும் பக்கம் 0.67 மீட்டர் நீளத்துக்கு மண்ணை விட்டு எழுகிறது. பெரும அழுத்தமோ 116 தான். அடிக்கம்பியை முதல் சேர்க்கையே ஆள்கிறது என்ற வரையில் வழக்கமான கணக்கு சரி.

மேற்கம்பியில் நிலைமை தலைகீழ். எழும் பக்கத்தில் மேல்மண்ணும் கான்கிரீட்டின் சொந்த எடையும் தாங்குவாரின்றித் தொங்குவதால் மேல்முகத்தில் இழுவிசை பிறக்கிறது. 0.5 மீட்டர் தூணின் முகப்பில், ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்த வளைவுத் திருப்புத்திறன் முதல் சேர்க்கையில் 13.2 கிலோ நியூட்டன்-மீட்டர், இரண்டாவதில் 19.5. எடையைக் குறைத்ததும் விளைவு ஏறக்குறைய பாதியளவு கூடிவிட்டது. இந்த மாதிரியில் குறைந்தபட்சக் கம்பியே அதைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தூண் முகப்புக்கு வெளியே அடித்தளத்தின் நீட்சி கூடும்போது இது அந்நீட்சியின் வர்க்கத்தை ஒட்டி வளரும். அடிக்கம்பியோடு வரைபடத்தை முடித்துவிட்டால் மேல்முகத்தில் ஒரு கம்பிகூட இராது.

கவிழ்ப்பின் எல்லையும் இதையே காட்டுகிறது. பணிச்சுமை மையவிலகல் நீளத்தில் 0.3 பங்கை எட்டியதும் இரண்டாவது சேர்க்கையில் தொடுபரப்பு பூச்சியமாகிறது. முதல் சேர்க்கையோ 60 விழுக்காடு தொட்டிருப்பதாகச் சொல்லும். 1.5 ஐ 0.9 ஆல் வகுத்தால் கிடைக்கும் 1.67 தான் இங்கே உண்மையான பாதுகாப்பு விகிதம். காற்றோ நிலநடுக்கமோ சேரும்போது கவிழ்ப்புக்கு எதிராக ஐ.எஸ். 1904 கேட்கும் 1.5 இலிருந்து அது வெகுதொலைவில் இல்லை.

நிலத்தடி நீரின் கதை வேறு. 0.9 என்பது எடையை மதிப்பிடுவதில் உள்ள ஐயப்பாட்டுக்கான கழிவு. மிதப்பு ஐயப்பாடன்று, கணக்கிடக்கூடிய விசை. சென்னையில் வடகிழக்குப் பருவத்தில் நிலத்தடி நீரின் உயர்வும் புயற்காற்றும் சேர்ந்தே வரக்கூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரைகடந்ததும் அப்பருவத்தில்தான். மாதிரி அடித்தளத்தில் நீர் தரைமட்டம் வரை ஏறினால், மண் நனைந்து கனத்தது போக, ஏறத்தாழ 75 கிலோ நியூட்டன் குறையும். பணிச்சுமையிலேயே மையவிலகல் 0.58 மீட்டராகி ஒரு விளிம்பு எழத் தொடங்கும். 0.9 சேர்க்கையில் அந்த 75 ஐயும் கழித்தால் மிஞ்சுவது 195; மையவிலகல் சரியாக 1 மீட்டர்; அடிப்பரப்பில் பாதிதான் மண்ணைத் தொடும்.

இத்தனை சேர்க்கைகள் சிறு கட்டடங்களுக்கு மிகை என்று மறுக்கலாம். பல மாடிக் கட்டடத்தின் உள்தூணுக்கு அம்மறுப்பு சரி. அங்கே எடை மிகுதி, மையவிலகல் சிறிது. விளம்பரப் பலகை, தகரக் கொட்டகை, தொலைத்தொடர்புக் கோபுரம் போன்றவற்றில் எடை குறைவு, காற்று மிகுதி. அவற்றுக்கு மூன்று கணக்குகள் தேவை: பரப்புக்குப் பணிச்சுமை, அடிக்கம்பிக்கு 1.5 சேர்க்கை, மிதப்பைக் கழித்த பின் நிலைத்தன்மைக்கும் மேற்கம்பிக்கும் 0.9 சேர்க்கை.