பிரேசில் கலையில் புலன்வழிப் பங்கேற்பு

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுநிலையால் வகுக்குமிடத்து ஊற்றுணர்வை முதலாவதாகவும் காட்சியை நான்காவதாகவும் வைக்கிறது. அருங்காட்சியகமோ கண்ணை உள்ளே விட்டுக் கையை வாயிலிலேயே நிறுத்திவிடும். இந்நிலையை மாற்ற முனைந்த பிரேசில் கலைஞர்களான லிஜியா கிளார்க் (1920-1988), ஹீலியோ ஒயிட்டிசிக்கா (1937-1980) ஆகியோரின் பணியை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடுகலை

1959இல் கவிஞர் ஃபெரைரா குல்லார் எழுதிய நியோ-கான்கிரீட் அறிக்கை, கலைப்படைப்பு இயந்திரமுமன்று, வெறும் பொருளுமன்று. உயிரியை ஒத்தது என வலியுறுத்தியது. இதன் வளர்ச்சியாகக் கிளார்க் 1960 முதல் 'பீஷோஸ்' (உயிரிகள்) என்னும் படைப்புகளை உருவாக்கினார். கீல்களால் இணைந்த உலோகத் தகடுகளாகிய இவை, பார்வையாளர் மடக்கி விரிக்குந்தோறும் வேறு வடிவம் கொள்வன. 1967இல் அவர் அமைத்த புலன்முகமூடிகள், மூக்கருகே மணப்பொருள்களையும் செவியருகே ஒலிப்பொருள்களையும் கொண்டிருந்தன.

உடுத்தும் கலையும் நுழையும் கலையும்

ஒயிட்டிசிக்கா 1964இல் ரியோ டி ஜெனிரோவின் மாங்கேயிரா குன்றுக் குடியிருப்புக்குச் சென்று சம்பா ஆட்டம் பயின்றார். அத்தொடர்பின் விளைவே 'பரங்கோலே' எனும், துணியாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய, உடுத்தி ஆடும் மேலாடை. 1965இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 'ஒப்பினியாவ் 65' கண்காட்சிக்கு மாங்கேயிரா ஆட்டக்காரர்களை அவர் அழைத்துவந்தபோது, அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது; அவர்கள் வெளியே நின்று ஆடினர். தடுக்கப்பட்டது கை மட்டுமன்று, ஏழை மக்களின் உடலுமாகும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த சூழலில் இதன் பொருள் மேலும் ஆழமாகிறது.

1967இல் அதே அருங்காட்சியகத்தில் அவர் 'டிராப்பிக்காலியா'வை அமைத்தார். மணலிலும் சரளையிலும் நடந்து, செடிகளையும் உயிருள்ள கிளிகளையும் கடந்து இருண்ட சிற்றறைக்குள் நுழைபவர், முடிவில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியைக் காண்பார். கேட்டானோ வெலோசோவின் பாடலொன்று இப்பெயரையே ஏற்றது. பின்னர் அஃது ஓர் இசை இயக்கத்தின் பெயருமாயிற்று.

பாதுகாப்புச் சிக்கல்

இன்று 'பீஷோஸ்' மூலங்கள் பெரும்பாலும் தொடமுடியாதவாறே காட்சிப்படுத்தப்படுகின்றன. பார்வையாளர் கையாளப் படிகளே தரப்படுகின்றன. 2009இல் ரியோவில் நேர்ந்த தீவிபத்தில் ஒயிட்டிசிக்காவின் படைப்புகள் பல அழிந்தன. தொட்டால் தேயும், தொடாவிடின் பொருளிழக்கும் என்னும் முரண் இக்கலைக்கு உரியதாகும்.

முடிவுரை

கூத்தின் ஏடு மட்டுமே கூத்தாகிவிடாது. ஆடுபவர் உள்ளவரை அது வாழும். அதுபோலப் பரங்கோலேயின் உயிர் துணியில் இல்லை, அதை உடுத்தி ஆடும் உடலில் உள்ளது. எனவே, தொடத்தக்க படி இக்கலைக்குக் குறையன்று. கண்ணாடிப் பேழையே குறை எனக் கருதலாம்.