சிவப்புக் கொடியும் ஈசிஆரும்

1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டாங்க. தானே ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான். முன்னால ஒரு ஆள் சிவப்புக் கொடியோட நடக்கணும்! சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா 1930-ல் அதே நாடு கார்களுக்கு வேக வரம்பையே எடுத்துவிட்டது. 1934-ல் சாலையில் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷமே ஊருக்குள் 30 மைல் வரம்பு வந்தது. இன்று அங்கே மாட்டினால் லைசென்ஸில் புள்ளி ஏறலாம். மூன்று வருஷத்தில் 12 சேர்ந்தால் பொதுவாக ஓட்டத் தடை.

நம்ம ஈசிஆர்? மீனவக் குப்பங்களை இணைத்த கிராமப் பாதைகளை 1998 வாக்கில் ஒன்றாக்கியதுதான். கோவளத்திலோ பட்டிப்புலத்திலோ நடந்தவங்கதான் முதல்ல இருந்தாங்க, கார் பிறகு வந்தது. 2019 திருத்தப்படி காரில் வேகமாகப் போனால் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். சனிக்கிழமை மாமல்லபுரம் போற கூட்டத்துக்கு அது ஒரு வேளை மீன் சாப்பாட்டுச் செலவு.