வன்னி வளவில் நாயும் பூனையும்

ஆடு மாடுகளை மனிதன் பட்டியில் அடைத்தான். கோழியைக் கூட்டில் அடைத்தான். நாயும் பூனையுமோ பெரும்பாலும் கட்டும் காவலும் இன்றிப் படலை கடந்து போகின்றன. பொழுது பட்டதும் தாமாகவே திரும்பி வருகின்றன. நாய் ஏன் உறுமுகிறது, பூனை ஏன் காலில் உராய்கிறது என்று நாம் வினவுவது அரிது. அவ்வினாக்களுக்கு விடை தேடப் புகின், அவை நம்மைப் பழைய வரலாற்றுக்கே இட்டுச் செல்லும்.

மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விசயனும் அவன் கூட்டத்தாரும் இத்தீவிற் கரையேறியபோது, ஓர் இயக்கி பெண்நாய் வடிவங்கொண்டு அவர்முன் தோன்றினாள். ஊர் உள்ள இடத்திலன்றோ நாய் இருக்கும் என்று எண்ணிய ஒருவன், தலைவன் தடுத்தும் கேளாது அதன்பின் சென்றான். இயக்கி கதையைப் புராணமென்று ஒதுக்கினும், அவன் எண்ணியது உலகியல் உண்மையாகும். காட்டுவழியில் திசை தப்பியவனுக்கு நாயின் குரைப்பொலி ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குக் காரணம் நாயின் பிறப்பிலேயே உண்டு. அது ஓநாயின் வழிவந்தது. 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனோடு சேர்ந்துவிட்டது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. ஓநாய் கூட்டமாக வாழும் விலங்கு. அக்கூட்டத்தின் இடத்தில் நாய் நம் குடும்பத்தை வைத்துக்கொண்டது. அந்நியரைக் கண்டு குரைப்பதும், வேலியோரங்களிற் சிறுநீரால் எல்லை குறிப்பதும் இவ்வுறவிலிருந்து எழுந்தனவே. நள்ளிரவில் அது ஊளையிட்டால் யமன் வருகிறான் என்று அஞ்சுவாரும் உளர். தொலைவில் உள்ள தன் இனத்தை அழைக்கும் பழைய குரலே அது.

தமிழர் இவ்வுறவைக் கல்லிலும் பொறித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. காலம் 7ஆம் நூற்றாண்டு. மாண்ட வீரன் கருந்தேவக்கத்தி. அருகில் நிற்பது கோவிவன் என்னும் அவனுடைய நாய். கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் கல்வெட்டு கூறுகின்றது. நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் வெட்டிய மக்கள் நம் முன்னோர். வன்னியில் இன்றும் வைரவர் சூலம் நிற்கும் இடங்கள் பல. அவ்வைரவருக்கு நாயே வாகனம்.

பூனை வந்த வழி வேறு. மேற்காசியாவில் மனிதன் தானியம் சேர்த்துவைக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தமை 2004இல் வெளியிடப்பட்டது. நம் குறுந்தொகையின் 107ஆம் செய்யுளும், நள்ளிருளில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் வெருகைப் பேசுகின்றது. குளத்து நீரால் நெல் விளைத்துக் கொம்பறையில் சேர்த்த வன்னியிலும் பூனைக்கு வேலை குறைவதில்லை.

பூனையின் மூதாதை தனித்து வேட்டையாடுவது. ஆகவே நாயைப்போல் அது ஏவலுக்குப் பணிவதில்லை. தன் கன்னத்துச் சுரப்பியின் மணத்தை நம்மேல் பூசி உரிமை கொள்ளவே காலில் உராய்கிறது. வளர்ந்த பூனைகள் தம்முள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அரிது. அக்குரல் பெரும்பாலும் மனிதரை அழைப்பதற்கே. அது உறுமியவாறு கண்மூடிக் கிடத்தல் இன்பத்தின் அடையாளம் என்பர். நோயுற்றபோதும் அவ்வொலி எழும்.

சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்விரு விலங்குகளின் மெய்ப்பாடுகளை ஆராய்ந்தார். சினந்த நாய் உடலை விறைத்து, வாலை நிமிர்த்தி நிற்கும். அன்பு கொண்டால் உடலைத் தாழ்த்தி நெளியும். பூனையோ அன்பு மிகும்போது வாலை நேரே உயர்த்தும். ஆதலின், ஒன்றன் குறியை மற்றொன்றன் குறியாகக் கொள்ளுதல் தவறாகும். வாலாட்டும் நாயெல்லாம் நட்புடையதும் அன்று. விறைத்த உடலோடு வாலை உயர்த்தி அசைக்கும் நாய் எச்சரிக்கை செய்கின்றது. உறுமும் நாயை அடித்து அடக்கினால், அது உறுமாமலே கடிக்கப் பழகும்.

இவ்வறிவு வன்னி மக்களுக்குச் சிறப்பாக வேண்டப்படுவது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் மக்கள் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தனர். உயிர் காக்க ஓடியவர்களால் வளர்த்த விலங்குகளையெல்லாம் கொண்டுசெல்ல இயலவில்லை. சோறிட்ட கையின்றி வளவுகளில் எஞ்சியவை அவை.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்கொற், புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூல் இங்கு விளக்கம் தருகின்றது. பிறந்து மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள பருவத்தில் மனிதர் கையிற் பழகாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சும். அச்சமே கடியாக மாறுவதுண்டு. மனிதரில்லாத ஊரிற் பிறந்த குட்டியைப் பொல்லாதது என்று கல்லெறிவது அறிவுடைமையாகாது. நாம் பட்ட இடப்பெயர்வின் எச்சம் அதனிடத்தும் உண்டு.

எனினும் இரக்கம் காரணமாக எச்சரிக்கையைக் கைவிடலாகாது. விசர்நாய்க்கடி பற்றி 1893இலேயே இந்நாட்டிற் கட்டளைச்சட்டம் பிறந்தது. மனிதருக்கு வரும் விசர்நோயில் 99 வீதம் நாயாலேயே வருவது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர். ஆகவே நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருத்தல் உயிருக்கே இறுதியாகும்.

நேயர்களே, உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் நெருங்காதிருக்கவும், அயல்நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கண்ணை உற்றுநோக்காமல் அசையாது நிற்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. வீட்டிற் பிறக்கும் குட்டிகளை இளம்பருவத்திலேயே அன்போடு கையிலெடுத்துப் பழக்கி, தவறாது தடுப்பூசியும் இடுவிப்போமாக. மீண்டும் குடியேறிய ஊர்களில் மனிதரும் விலங்கும் அச்சமின்றி வாழ இவை பெரிதும் துணைபுரியும்.