சேலம்–சென்னை: ‘ஒரு மணி நேரம்’ பிறந்த கதை

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்குச் சென்னை என்றால் ராத்திரிப் பயணம்தான். சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்ட்ரல். தண்டவாளக் கணக்கில் 334 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒரு மணி நேரமாக்கும் ஆசைக்கு 1993-ல் இடம் கிடைத்தது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் வந்தது, என்.ஈ.பி.சி. நிறுவனம் விமானம் விட்டது. ஆள் சேரவில்லை, நின்றுபோனது.

அந்த ஒரு மணி நேரம் எப்படி வருகிறது? காமலாபுரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோடு போட்டால் சுமார் 265 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் அரை மணிதான். ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிலைப்பட்ட பிறகுதான். கால அட்டவணையோ, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் சென்னையில் சக்கரம் அசையாமல் நிற்பதுவரை கணக்கிடுகிறது. ஓடுபாதைவரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது, நெரிசலில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

ஜெட் விடலாமே என்றால், காமலாபுரத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர்தான். ஏ.டி.ஆருக்கு அது தாராளம். பெரிய ஜெட்டுகளுக்குப் போதாது. நீட்டினாலும் இந்தத் தூரத்தில் மிச்சமாவது சில நிமிடங்களே.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் மறுபடி தொடங்கியது; 2011-ல் நின்றது. அடுத்த பிறவிக்கு அரசு கைகொடுத்தது. மத்திய அரசின் உடான் திட்டம், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. நிறுவனத்துக்கு விழும் துண்டை மானியத்தால் அடைத்தது. அந்தத் தெம்பில் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. அதுவும் 2021-ல் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் இண்டிகோ வந்து சென்னை வழியை மறுபடி திறந்தது.

ஒவ்வொரு முறையும் இந்தச் சேவையைச் சோதித்ததில் குறைந்த தூரத்துக்கும் பங்கு உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து காமலாபுரம் போக வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் நுழைய வேண்டும். கூட்டினால் நான்கு மணி நேரத்தை நெருங்குகிறது. வந்தே பாரத் ரயிலும் சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் விட்டுவிடுகிறது, டிக்கெட்டும் மலிவு.

ஆகவே, மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ போகிறவருக்கு ரயிலே லாபம். மீனம்பாக்கத்திலேயே விமானம் மாறி டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ பறக்க வேண்டியவருக்குத்தான் இந்த ஒரு மணி நேரப் பயணத்தால் முழு லாபம். அப்படிப்பட்டவர்கள் தினமும் போதுமான அளவு ஏறினால் இந்தப் பிறவி நிலைக்கும்.