பேனா இல்லாத மேசை

புனேயின் வாகடிலிருந்து நெடுஞ்சாலையைத் தாண்டினால் ஹிஞ்ஜவடி. சாயங்காலம் ஷிப்டுக்குப் போகும் வண்டிகள் பூம்கர் சௌக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைக் கையாளும் கால் சென்டர் என்றால் வாசலில் ஒரு சடங்கு உண்டு: செல்போன், பை, நோட்டு, பேனா எல்லாம் லாக்கருக்குள் போய்விட வேண்டும். உள்ளே மேசையில் கணினியும் ஹெட்போனும் மட்டும். ‘க்ளீன் டெஸ்க்’ என்று இதற்குப் பெயர்.

இந்த வழக்கத்துக்குப் புனே ஒரு பாடம் கற்பித்தது.

2005 ஏப்ரலில் எம்ஃபசிஸ் நிறுவனத்தின் புனே பி.பி.ஓ. பிரிவில் வேலை பார்த்த சிலரும் அவர்களுடைய கூட்டாளிகளும் கைதானார்கள். அமெரிக்காவில் சிட்டி பேங்க் வாடிக்கையாளர்கள் நான்கு பேரின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 3.5 லட்சம் டாலர் மாயமாகியிருந்தது. யாரும் கணினிப் பூட்டை உடைக்கவில்லை. போனில் இதமாகப் பேசி, நம்பிக்கை சம்பாதித்து, ரகசிய எண்ணை வாடிக்கையாளர் வாயாலேயே சொல்ல வைத்திருந்தார்கள். அந்த அலுவலகத்துக்குள் போகும்போதும் வரும்போதும் சோதனை இருந்தது. எண்கள் மனப்பாடமாக வெளியேறியதாகவே அப்போது பேசப்பட்டது. பணம் வந்து சேர்ந்த கணக்குகள் புனேயிலேயே இருந்ததால் போலீஸுக்குத் தடம் கிடைத்தது.

அதன்பின் காவல் இறுகியது. 2006-இல் ஊழியர்களின் கைரேகை, புகைப்படம், பழைய வேலை விவரங்களைப் பதிந்து வைக்கும் தேசியப் பதிவேட்டை மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் தொடங்கியது. 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தனிநபர் தகவலைக் கசியவிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்றது. அலட்சியமாக இருந்த நிறுவனமும் நஷ்டஈடு தர வேண்டும் என்றது.

எல்லாம் வாசலைப் பார்த்த காவல். மாடியை யார் பார்ப்பது?

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாதில் சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. அவரை எந்த லாக்கர் வாசலிலும் யாரும் நிறுத்தியதில்லை. கணக்குத் தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏப்ரலில் சத்யத்தை ஏலத்தில் எடுத்தது புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட டெக் மஹிந்திரா. ஹிஞ்ஜவடியிலும் அதற்கு வளாகம் உண்டு.

2013 கம்பெனிச் சட்டம் மேல்தளத்தையும் தொட்டது. பட்டியலிடப்பட்ட கம்பெனியில் ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. முறைகேட்டைச் சொல்ல வரும் ஊழியருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும்; தேவைப்பட்டால் மேலதிகாரியைத் தாண்டித் தணிக்கைக் குழுத் தலைவரிடமே அவர் போகலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான விதியைத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. கால் சென்டர் வேலை வீட்டுக்கே வந்து சேர்ந்தது. வாகடின் அடுக்குமாடி வீடுகளில் லாக்கரும் இல்லை, காவலாளியும் இல்லை. கணினி வைத்த சாப்பாட்டு மேசையில் மளிகைச் சீட்டு, பிள்ளையின் நோட்டு, பக்கத்தில் மூடி கழன்ற ஒரு பேனா.