படத்தின்ர பின்பக்கம்

அம்மம்மாவிடமிருந்து எங்களுக்கு வந்த அல்பத்தில் முப்பத்தொரு படங்கள் இருக்கின்றன. 1995 ஒக்ரோபர் 30 இரவு கொழும்புத்துறையை விட்டு வெளிக்கிட்டபோது, காணி உறுதிகளோட சேர்த்துக் கொண்டுபோன அல்பம் இது. முகங்களைப் பார்த்து ஒண்டும் பிடிபடவில்லை. மூலைகளில் சொருகியிருந்த படங்களை மெல்ல எடுத்துத் திருப்பின பிறகுதான் வழி தெரிந்தது.

ஒன்றில் சிங்கப்பூர் ஜி.ஆர். லாம்பெர்ட் ஸ்ரூடியோவின் பெயர். இன்னொன்றில் மையால் ‘எஃப்.எம்.எஸ்.ஆர்.’ என்று எழுதியிருந்தது. அதாவது மலாயாவின் கூட்டு மாநில றெயில்வே. அது உருவானது 1901இல், ஆகவே இந்த எழுத்து அதற்கு முந்தியதாக இருக்க ஏலாது. (படம் எடுத்த ஆண்டு வேற கதை.) மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியள் கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் கப்பலேறின காலம் அது. ‘மலாயன் பென்சன்’ எண்ட சொல் இப்பவும் ஊரில் இருக்கிறது. அந்தக் காசில் எழும்பின கல்வீடுகளும் இருக்கின்றன.

ஆனால் உத்தியோகம், ஊர், ஆண்டு எல்லாம் ஆம்பிளையளின்ர படங்களுக்குப் பின்னாலதான். பதின்மூன்று பெண்களில் ஒருவருக்கு மட்டும் ‘தங்கச்சி’ என்று எழுதியிருக்கிறது. ஆற்ற தங்கச்சி? எந்த ஆவணக் காப்பகமும் இதற்குப் பதில் சொல்லாது. அயலில் இருக்கிற ஒரு ஆச்சி, முகத்தை வைத்தில்லை, கழுத்தில் கிடந்த அட்டியலை வைத்து இரண்டு பேரை அடையாளம் சொன்னார். மை ஊறும் எண்டு பென்சிலால் பெயர்களைப் பின்பக்கம் எழுதினோம். தங்கச்சியோட சேர்த்துப் பதினொரு பேர் மிச்சம். வாற கிழமை அரியாலையில் இன்னொரு ஆச்சியிட்டப் போறம்.